ஸ்கூல் லைப்ரரி சுவர்ல அபாரிஜினல் ஓவியம்: யார் வரையணும், யார்கிட்ட கேக்கணும்?

துங்காபி_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க. நாங்க சிட்னி மேற்குப் பக்கம் இருக்கோம், பொண்ணு மூணாங்கிளாஸ், பையன் இப்பதான் கிண்டர்கார்டன். இந்த வருஷம் மொத தடவையா ஸ்கூல் பி அண்ட் சி கமிட்டில, அதான் பெத்தவங்க குழுவுல, சேந்திருக்கேன். லைப்ரரிக்கு புது ஷெல்ஃப் வந்துச்சு, பழசையெல்லாம் எடுத்ததுல வாசல்ல நுழைஞ்சதும் ஒரு நீளச் சுவர் வெறுமனே கெடக்கு, ஒரு ஆறு மீட்டர் இருக்கும். எங்க ஸ்கூல்ல அபாரிஜினல் குடும்பங்க, அதான் இந்த நாட்டோட பூர்வகுடி மக்கள், கொஞ்சம் இருக்கு, அந்தப் புள்ளைங்களுக்கும் உள்ள வந்ததும் இது நம்ம எடம்னு தோணணும், அதனால ஜூலைல நாயிடாக் வீக், அதான் அவங்க கலாச்சாரத்தைக் கொண்டாடற வாரம், வர்றதுக்குள்ள அந்தச் சுவர்ல அபாரிஜினல் ஆர்ட் பண்ணிடலாம்னு மீட்டிங்ல ஒருத்தங்க சொன்னாங்க. பெருசா ஒரு ஆமை, ஒரு கங்காரு, அதுக்குள்ள ஸ்கூல்ல இருக்கிற ஒவ்வொரு புள்ளையும் பஞ்சுக்குச்சியால பெயின்ட் தொட்டு ஒரு புள்ளி வைக்கணும். கேட்டதுமே எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு, நானும் கை தூக்கினேன். ரீடிங் கார்னர்ல போட அதே மாதிரி டிசைன்ல ஒரு ரக், சுவர்ல ஒட்ட ஸ்டிக்கர், எல்லாம் ஆன்லைன்ல எடுத்து கார்ட்ல போட்டு வெச்சிருக்கோம், பணம் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பையன் கிளாஸ்ல ஒரு பையனைக் கூட்டிட்டுப் போக அவனோட பாட்டி வருவாங்க. எல்லாரும் அவங்கள ஆன்ட்டின்னுதான் சொல்றாங்க, நம்ம ஊர் மாதிரியே பெரியவங்களப் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. அவங்க ஒரு நாள்கூட ஸ்கூல் கேட்டுக்கு உள்ள வந்து நான் பாத்ததில்ல. ரோட்டோரம் பாட்டில்பிரஷ் மரம் ஒண்ணு இருக்கு, அதுக்குக் கீழதான் நிப்பாங்க, மழை பேஞ்சாலும் குடையோட அங்கயேதான், பேரன் ஓடி வருவான். நானும் சீக்கிரம் போயிடுற நாள்ல அங்க நின்னு நின்னு பேச்சு பழக்கமாச்சு. போன வியாழக்கிழமை ரொம்ப சந்தோஷமா சுவர் விஷயத்தைச் சொன்னேன். முழுசாக் கேட்டாங்க. கேட்டுட்டு, "யாரோட புள்ளி அது?"ன்னாங்க, அவ்வளவுதான். கோவமாச் சொல்லல. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, அதுக்குள்ள பேரன் வந்துட்டான், அவன் பேக்கை வாங்கித் தோள்ல மாட்டிகிட்டு கிளம்பிட்டாங்க.

அந்தக் கேள்வியே ரெண்டு நாளா மண்டைல ஓடுது. அந்தப் புள்ளைங்களுக்காகன்னு செய்யப்போயி அவங்களையே சங்கடப்படுத்திடக் கூடாது. ஸ்கூல்ல வேலை பாக்கறவங்க, இதுமாதிரி பண்ணிப் பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, எங்கேந்து ஆரம்பிக்கிறது?

—

சுண்ணக்கட்டி:

நல்லவேளை பணம் கட்டறதுக்கு முன்னாடி கேட்டீங்க. நான் இங்க பிரைமரி டீச்சர், பதினோரு வருஷமாச்சு.

அந்த ஆன்ட்டி கேட்டது சரியான கேள்வி. புள்ளி வெச்சு வரையறது நீங்க இருக்கிற மண்ணோட கலையே கெடையாது. அது நடு ஆஸ்திரேலியாவுல பாலைவனத்து மக்களோடது, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம், ரோட்டுல போனா சிட்னிலேந்து 2700 கிலோமீட்டருக்கு மேல. துங்காபி, பாரமாட்டா, பிளாக்டவுன் இதெல்லாம் தாருக் மக்களோட பூமி. இங்க சிட்னி சுத்துவட்டாரத்துல அபாரிஜினல் முன்னோர் விட்டுட்டுப் போனது என்னன்னா, மணற்பாறைல செதுக்கின திமிங்கலம், கங்காரு, மீன், எல்லாம் வெளிக்கோடு மட்டும். கூரிங்காய் சேஸ் பக்கம் போனா பாக்கலாம், சாயங்கால வெயில் சாய்ஞ்சு விழும்போதுதான் கோடு நல்லாத் தெரியும். கிளென்புரூக்ல ரெட் ஹேண்ட்ஸ் கேவ்னு ஒண்ணு இருக்கு, பாறைல கைய வெச்சு அதைச் சுத்தி காவிமண் கரைசலை வாயால ஊதி எடுத்த கைத்தடம், சின்னக் கை பெரிய கைன்னு வரிசையா. புள்ளைங்களக் கூட்டிட்டு ஒரு தடவ போயிட்டு வாங்க, அதுக்கப்புறம் அந்தப் பஞ்சுக்குச்சி ஐடியா தானா மனசுலேந்து போயிடும்.

நம்ம பக்கத்துலேந்து யோசிச்சா, தமிழ்ப் புள்ளைங்கள "நீங்கல்லாம் இந்தியன்தானே"ன்னு பாங்ரா ஆட வெச்சு, "உங்களுக்காகத்தான் இந்த புரோகிராமே போட்டோம்"னு சொன்னா நமக்கு எப்படி இருக்கும்? அவங்க நல்ல மனசோடதான் சொல்லுவாங்க, ஆனா நம்மள யாருன்னே பாக்கலையேன்னு இருக்கும்ல.

இன்னொண்ணு, அவங்க ஓவியத்துல கதைக்கு உரிமையுள்ள ஆள்னு உண்டு. இந்தக் கதை இந்தக் குடும்பத்தோடது, இந்த எடத்தோடதுன்னு. அந்த உரிமை இல்லாத இன்னொரு அபாரிஜினல் ஓவியரே அதை வரைய மாட்டார், அப்ப நாம எப்படி ஸ்டிக்கர் வாங்கி ஒட்டறது? அதுக்காக கிளாஸ்ல இதைச் சொல்லித்தரவே கூடாதுன்னு இல்ல. ஒரு ஓவியரோட படத்தைக் காட்டி, அவர் யாரு, எந்த ஊரு, என்ன கதைன்னு பேசலாம், பேசணும். அப்புறம் புள்ளைங்க தங்களோட சொந்தக் கதையை தங்களோட கோட்டுல வரையட்டும். நான் அப்படித்தான் செய்யறேன்.

மொத வேலையா உங்க ஸ்கூல்ல அபாரிஜினல் எஜுகேஷன் ஆபீசர் இருக்காங்களான்னு பாருங்க. இல்லைன்னா உங்க ஏரியாவோட ஏ.ஈ.சி.ஜி, அதான் அபாரிஜினல் பெற்றோர்களும் பெரியவங்களும் சேந்து நடத்தற கல்வி ஆலோசனைக் குழு, அவங்க மீட்டிங்குக்கு பிரின்சிபலோட போங்க. சுவரை அளந்து டிசைனோட போகாதீங்க, வெறுங்கையோட போங்க.

—

கோலப்பொடி:

நான் கொஞ்சம் வேற மாதிரி நெனைக்கிறேன், யாரும் தப்பா எடுத்துக்க வேணாம். இப்படி ஒவ்வொண்ணுக்கும் பயந்தா கடைசில ஸ்கூல்ல யாருமே ஒண்ணும் செய்ய மாட்டாங்க, சுவர் வெள்ளையாவே கெடக்கும், அந்தப் புள்ளைங்களுக்கு அதுனால என்ன லாபம்? எங்க பொண்ணு ஸ்கூல்ல ஹார்மனி டே, அதான் எல்லா கலாச்சாரத்தையும் கொண்டாடற நாள், அன்னிக்கு நான் புள்ளிக்கோலம் சொல்லிக் குடுத்தேன், பக்கத்து டேபிள்ல அபாரிஜினல் டாட் பெயின்டிங், ரெண்டையும் சேத்து ஒரே துணில புள்ளைங்க வரைஞ்சாங்க, அவ்ளோ அழகா வந்துச்சு. புள்ளி அவங்ககிட்டயும் இருக்கு நம்மகிட்டயும் இருக்கு. குழந்தைங்க கை பட்டா அந்த எடமே அவங்களுக்கு சொந்தமாயிடும்ங்கறது என் அனுபவம். பாட்டியோட கேள்வி நியாயம்தான், ஆனா அதுக்காக மொத்தத்தையும் நிறுத்தணுமா?

—

செம்மண்:

நான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆஸ்பத்திரியில ஆறு வருசம் நேர்ஸா வேலை செய்தனான், இப்ப மெல்பேர்னில இருக்கிறன். கோலப்பொடி அக்கா, உங்கட மனசு விளங்குது, ஆனா ரெண்டும் புள்ளி எண்டதால ஒண்டெண்டு சொல்ல ஏலாது. அந்தப் புள்ளி எங்கயிருந்து வந்தது எண்டு கேட்டா உங்களுக்கே விளங்கும், ஏனெண்டா அதுவும் ஒரு பள்ளிக்கூடச் சுவரில துவங்கின கதைதான்.

ஆலிஸில இருந்து வடமேற்கா 240 கிலோமீட்டர் அளவில பாபுன்யா எண்டொரு இடம். லுரிட்ஜா, பின்டுபி, வார்ல்பிரி எண்டு வேற வேற மண்ணுச் சனத்தை அரசாங்கம் ஒரே இடத்தில கொண்டுவந்து இருத்தினது. 1971 இல ஜெஃப்ரி பார்டன் எண்ட வாத்தியார் அங்க பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனவர். பிள்ளையள் வகுப்புக்குள்ள கவ்பாய் படம் கீறுவினம், வெளியில போனா மண்ணில விரலால தங்கட அடையாளங்களக் கீறி விளையாடுவினம். அதை அவர் கவனிச்சு, இதையே வகுப்பிலயும் கீறுங்கோ எண்டவர். அதுக்குப் பிறகுதான் பெரிய ஆம்பிளையள் தாங்களே முன்னுக்கு வந்தவை, பள்ளிக்கூட வளவில முற்றம் துப்பரவாக்கிற வேலை செய்த ஆக்களும் அதில இருந்தவை. சுவரில தேன் எறும்பின்ர கதையைக் கீற முடிவெடுத்தினம், அந்த இடமே தேன் எறும்புக் கதைக்குரிய இடம், அதுக்கு உரித்தான பெரியவர் சம்மதிச்ச பிறகுதான் கீறினவை. காபா ட்ஜம்பிட்ஜின்பா எண்டவர்தான் முன்னுக்கு நிண்டு கீறினவர். முதல்ல எறும்பை வெள்ளைக்காரற்ற புத்தகத்தில இருக்கிற மாதிரிக் கீறிப்போட்டார். இது உங்கட எறும்போ எண்டு பார்டன் கேக்க, அவர் போய் மற்றப் பெரியவையோட கதைச்சிட்டு வந்து, அதை மாத்தித் தங்கட அடையாளத்தில கீறினவர். எனக்கு இந்தக் கதையில எல்லாத்திலயும் பெரிசாத் தெரியிறது அந்த இடம்தான், அவர் தனக்குத் தெரிஞ்சதை வைச்சுக் கீறேல்ல, போய்க் கேட்டிட்டு வந்து கீறினவர்.

அதுக்குப் பிறகு பலகையில, துணியில எல்லாம் கீறத் துவங்கி, 1972 இல பாபுன்யா துலா எண்டு ஓவியர்களே சொந்தமாக் கம்பனி அமைச்சவை, உலகம் முழுக்கப் போன புள்ளி ஓவியம் அங்கயிருந்துதான் வந்தது. துவக்கத்தில கீறின படங்களில சடங்குக்குரிய, எல்லாரும் பாக்கக்கூடாத விசயங்களும் வந்திட்டுது, சனம் அதுக்கு வருத்தப்பட்டவை. அந்த விசயங்கள வெளியாக்களுக்குத் தெரியாம மூடத்தான் பிறகு புள்ளியளக் கூடப் போடத் துவங்கினதெண்டு சொல்லுவினம். கோலம் எண்டது வாசலுக்கு வாறவையை வரவேற்கப் போடுறது. அது மறைக்கப் போட்ட புள்ளி. ரெண்டையும் ஒரே துணியில போட்டா பாக்க வடிவாத்தான் இருக்கும், ஆனா அந்தப் பாட்டிக்கு அது என்னவாத் தெரியும்?

அந்தச் சுவருக்கு என்ன நடந்தது தெரியுமோ, 1974 இல பராமரிப்பு வேலைக்கு வந்தவை அதுக்கு மேலயே பெயின்ற் அடிச்சுப்போட்டினம். இப்ப படங்களில மட்டும்தான் பாக்கலாம். எங்கட யாழ்ப்பாண நூலகத்துக்கு நடந்ததை அறிஞ்ச ஆக்களுக்கு இதைக் கேட்டா நெஞ்சுக்க ஏதோ செய்யும்.

இன்னொரு பள்ளிக்கூடம், யுவெண்டுமு, அதுவும் ஆலிஸுக்கு வடமேற்குத்தான். 1984 இல அஞ்சு வார்ல்பிரிப் பெரியவை பள்ளிக்கூடத்தின்ர 30 கதவிலயும் தங்கட கதையளக் கீறினவை, இந்தப் பள்ளிக்கூடமும் எங்கட மண்ணிலதான் நிக்குது எண்டு பிள்ளையளுக்குத் தெரியோணும் எண்டுதான். சுவர் எண்டா தள்ளி நிண்டு பாக்கிறது, கதவு எண்டா ஒவ்வொரு நாளும் கையால தள்ளித் திறக்கிறது. பிள்ளையளின்ர கிறுக்கலும் கீறலும் வெயிலும் தூசியுமா அந்தக் கதவுகள் பத்து வருசத்துக்கு மேல அங்கயே நிண்டது. 1995 இல அடிலெய்டில இருக்கிற சவுத் ஆஸ்திரேலியன் மியூசியம் எடுத்தது.

ரெண்டு இடத்திலயும் கீறினது ஆர் எண்டு பாருங்கோ. பிள்ளையள் இல்ல, வாத்திமார் இல்ல. அந்தப் பிள்ளையளின்ர தாத்தாமார்.

—

புத்தகப்பூச்சி:

செம்மண் எழுதினதை ரெண்டு தடவ படிச்சேன், நன்றி. நான் இந்தப் பக்கத்துலயே லைப்ரரில வேலை பாக்கறேன், ரெண்டு விஷயம் சேக்கணும்.

மொதல்ல அந்த ரக். தயவுசெஞ்சு வாங்காதீங்க. 1994ல இங்க ஃபெடரல் கோர்ட்ல ஒரு பெரிய கேஸ் நடந்துச்சு. அபாரிஜினல் ஓவியர்களோட படங்களைக் கேக்காம காப்பியடிச்சு, வியட்நாம்ல கம்பளமா நெய்ய வெச்சு இங்க கொண்டுவந்து வித்தாங்க. அந்தப் படமெல்லாம் எங்கேந்து எடுத்தாங்கன்னா, இந்தக் கலையைப் பத்தி ஜனங்க கத்துக்கணும்னு நேஷனல் கேலரி போட்ட தொகுப்புலேந்து! நம்பிக் குடுத்த படம். அதுல பாண்டுக் மாரிக்கான்னு ஒரு பெண் ஓவியரோட படமும் ஒண்ணு, அவங்க குலத்தோட புனிதமான நீர்நிலை, அதுமேல செருப்போட நடக்கற மாதிரி தரையில விரிக்கறாங்க. நம்ம சாமி படத்தை மிதியடில அச்சடிச்சா நமக்கு எப்படி இருக்கும், அதுதான். கோர்ட் ஓவியர்கள் பக்கம் தீர்ப்பு சொல்லி 1,88,000 டாலருக்கு மேல குடுக்கச் சொல்லிச்சு. அதனால ஓவியர் பேரோ ஊரோ போடாம "அபாரிஜினல் ஸ்டைல்"னு மட்டும் போட்டு விக்கறது எதுவா இருந்தாலும் கார்ட்லேந்து எடுத்துடுங்க. கொடி வேணும்னா தாராளமா வைக்கலாம், ஹரால்ட் தாமஸ் 1971ல வரைஞ்ச அந்தக் கறுப்பு சிவப்பு மஞ்சக் கொடியோட உரிமையை 2022 ஜனவரில அரசாங்கம் வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கிடுச்சு.

ரெண்டாவது, அந்த ஆன்ட்டி உள்ள வராம வெளியிலயே நிக்கற ஸ்கூல் கேட். என் மனசு அதுலயே நிக்குது. நியூ சவுத் வேல்ஸ்ல வெள்ளைக்காரப் பெற்றோர் ஆட்சேபிச்சா அபாரிஜினல் புள்ளைய ஸ்கூலை விட்டு அனுப்பிடலாம்னு பிரின்சிபல்களுக்கு அதிகாரம் இருந்துச்சு, 1972லதான் அந்த விதியை எடுத்தாங்க. இன்னிக்கு அறுபத்தஞ்சு எழுபது வயசுல இருக்கிற ஒரு பாட்டி அப்ப ஸ்கூல் போற வயசு. அதுக்கும் மேல, அரசாங்கமே அபாரிஜினல் குடும்பத்துலேந்து புள்ளைங்களப் புடுங்கிட்டுப் போனது வேற.

நீங்க இருக்கிற எடத்துலயே இது ரொம்பப் பழைய கதை. 1814 கடைசில கவர்னர் மக்வாரி பாரமாட்டால அபாரிஜினல் புள்ளைங்களுக்குன்னு நேட்டிவ் இன்ஸ்டிட்யூஷன்னு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிக்கறார். பெத்தவங்க வருஷத்துக்கு ஒரு நாள்தான் வந்து பாக்கலாம். 1819 பரீட்சைல அங்க படிச்ச மரியான்னு ஒரு தாருக் பொண்ணு, வெள்ளைக்காரப் புள்ளைங்க நூறு பேர் கிட்ட எழுதினதுல எல்லாரையும் தாண்டி மொதல்ல வந்தா. அப்புறம் அந்தப் பள்ளி 1823ல இடம் மாறிப் போன எடம்தான் பிளாக்டவுன், ஊர்ப்பேரே அதனால வந்தது. அந்த நிலத்தை தாருக் மக்கள்கிட்ட திருப்பிக் குடுத்தது 2018ல. நாம தெனம் ட்ரெயின்ல தாண்டிப் போற ஊருங்க, எனக்கே இங்க வந்து எட்டு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது.

இதையெல்லாம் தெரிஞ்சுகிட்டு அந்தப் பாட்டிகிட்ட போயி "உங்களையும் ஸ்கூல்ல சேக்கலையா"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. அவங்களாச் சொன்னா கேளுங்க. சும்மா பக்கத்துல நில்லுங்க, இதுவரைக்கும் நின்ன மாதிரி.

—

கோலப்பொடி:

கம்பளம் விஷயம் படிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு, எனக்கு சுத்தமாத் தெரியாது. செம்மண், மறைக்கப் போட்ட புள்ளின்னு நீங்க சொன்னதும் அன்னிக்கு அந்தத் துணிய வெச்சு எடுத்த போட்டோவ எடுத்துப் பாத்தேன். அடுத்த ஹார்மனி டேக்கு கோலம் மட்டும் போடறேன், அதைப் பத்திப் பேச எனக்கு உரிமை இருக்கு.

ஆனா என் சந்தேகம் ஒண்ணு பாக்கி இருக்கு, காசு. ஓவியரை வரவழைச்சா சும்மா வருவாங்களா, வரவும் கூடாது. பன்னிங்ஸ் கடை வாசல்ல சாசேஜ் சுட்டு வித்து ஒரு நாள்ல என்ன பெருசா தேறிடும்?

—

சுண்ணக்கட்டி:

காசு வேணும்தான், அதைக் கூச்சப்படாம மொதல்லயே பேசிடணும். எங்க ஸ்கூல்ல ரெண்டு வருஷமா சேத்தோம், கொஞ்சம் கவுன்சில் உதவி. வரையறதுக்கு மட்டும் இல்ல, மீட்டிங்குக்கு வர்ற பெரியவங்களோட நேரத்துக்கும் சேத்துக் குடுக்கணும். படத்தோட உரிமை ஓவியர்கிட்டயேதான் இருக்கும், அதை எடுத்து நியூஸ்லெட்டர்லயோ டீஷர்ட்லயோ போடணும்னா திரும்பக் கேக்கணும்னு எழுதிக்கிட்டோம். பின்னால சுவரை இடிக்கவோ திரும்ப பெயின்ட் அடிக்கவோ வேண்டி வந்தா அவங்களுக்குச் சொல்லணும்னும் போட்டுக்கோங்க, பாபுன்யா மாதிரி ஆகக்கூடாது.

நாங்க பண்ணின தப்பையும் சொல்லிடறேன். மொத வருஷம் மே மாசக் கடைசில போன் பண்ணி ஜூலை மொத வாரம் வர்றீங்களான்னு கேட்டோம். அந்த வாரம் எல்லா ஸ்கூலும் எல்லா ஆபீஸும் அவங்களத்தான் கூப்பிடும், மத்த ஐம்பத்தியொரு வாரம் ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. ஓவியர் அதை எங்க முகத்துக்கு நேராவே சொன்னாங்க, சரியாத்தான் சொன்னாங்க. அடுத்த வருஷம் பிப்ரவரில ஆரம்பிச்சோம், முடிய செப்டம்பர் ஆச்சு.

அவங்க வந்ததும் சுவரைப் பாக்கவே இல்ல. ஸ்கூலுக்குப் பின்னால ஓடற கிரீக்குக்கு புள்ளைங்கள நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க, தண்ணில என்ன இருக்குன்னு கேட்டாங்க. பாரமாட்டாங்கற பேரே விலாங்கு மீன் இருக்கிற எடம்னு தாருக் சொல்லுலேந்து வந்ததுதானே, அந்த விலாங்கு பெருசானப்புறம் இந்தச் சின்ன ஓடைலேந்து கெளம்பி கடலுக்குப் போயி வடக்க கோரல் சீ வரைக்கும் நீந்தி அங்க முட்டை போடுதுன்னு சொன்னதும் புள்ளைங்க வாயடைச்சு நின்னாங்க. அப்புறம் சுவர்ல வந்தது அந்த விலாங்குதான், அஞ்சு மீட்டர் நீளத்துக்கு ஒரே கோடு, கதவுகிட்ட வால், லைப்ரரி கவுன்டர்கிட்ட தலை. விலாங்கை அவங்க மட்டும்தான் வரைஞ்சாங்க. சுத்தி இருக்கிற தண்ணிக்கு நீலமும் பச்சையும் புள்ளைங்க அடிச்சாங்க, எந்தப் புள்ளை எங்க அடிக்கணும்னு அவங்களே சொன்னாங்க. அதனால கோலப்பொடி சொன்ன மாதிரி குழந்தைங்க கையும் பட்டுச்சு. தாருக் குடும்பத்துப் பையன் ஒருத்தன், அஞ்சாங்கிளாஸ், கிளாஸ்ல வாயே தொறக்க மாட்டான், இப்ப புதுசா யார் வந்தாலும் அந்தச் சுவர்கிட்ட கூட்டிட்டுப் போயி வாலுலேந்து ஆரம்பிச்சு கதை சொல்றான்.

—

துங்காபி_அம்மா:

அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. எல்லாரோட பதிலையும் பிரின்சிபல்கிட்ட வாய்வழியா மொழிபெயர்த்துச் சொன்னேன்.

ரக், ஸ்டிக்கர் ரெண்டும் கேன்சல். கமிட்டில ரெண்டு மூணு பேருக்கு வருத்தம்தான், இவ்வளவு ஆசையா பிளான் பண்ணினோமேன்னு. ஏ.ஈ.சி.ஜி மீட்டிங்குக்கு நானும் பிரின்சிபலும் போனோம், வெறுங்கையோட. ரொம்ப நேரம் மத்த விஷயம் பேசினாங்க, புள்ளைங்க வருகை, பஸ், ஒரு பையனோட சஸ்பென்ஷன். சுவர் கடைசில பத்து நிமிஷம்தான். ஒரு தாருக் ஓவியர் நாலாம் டெர்ம்ல, அதான் அக்டோபருக்கு மேல, வந்து பேசறேன்னு சொல்லியிருக்காங்க. அதனால ஜூலைல சுவர் வெள்ளையாத்தான் இருக்கும்.

ஆன்ட்டிகிட்ட அடுத்த நாளே போயி, நீங்க கேட்டதுக்கு எனக்கு பதில் தெரியல ஆன்ட்டி, புள்ளி வேணாம்னு நிறுத்திட்டோம்னு சொன்னேன். சிரிச்சாங்க. சுவர்ல என்ன வரலாம்னு நீங்க சொல்லுங்களேன்னு கேட்டதுக்கு, "நான் விராஜுரி, வேற அபாரிஜினல் இனம், இது என் மண்ணு இல்ல, இங்க நானும் விருந்தாளிதான், தாருக் ஆளுங்களக் கேளு"ன்னுட்டாங்க. அவங்களுக்கே உரிமை இல்லைன்னு அவங்களே சொல்றப்ப நாங்க ஆமையும் கங்காருவும் வரையப் போனதை நெனச்சு தொண்டை அடைச்சுகிச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களாவே கேட்டாங்க, இங்க உக்கார ஒண்ணும் இல்லையே, முட்டி வலிக்குதுன்னு. பதினஞ்சு பேர் சேந்து ஆறு மீட்டர் சுவரைப் பத்திப் பேசினோம், அந்த மரத்தடில ஒரு பெஞ்ச் இல்லைங்கறதை ஒருத்தர்கூட கவனிக்கல.

கேட்டுக்கு உள்பக்கம், அதே மரத்தோட நிழல் விழற எடத்துல போடலாமா வெளியிலயேவா, எங்க வேணும்னு அவங்ககிட்டயே கேட்டோம். ரெண்டு நாள் யோசிச்சாங்க. உள்பக்கம் போடு, ஆனா கேட்டைப் பாத்த மாதிரி இருக்கணும்னாங்க. லைப்ரரி காசுலேந்து கொஞ்சம் எடுத்து செய்யறோம், ஒரு அப்பா கார்பென்டர், அவரே செஞ்சு தர்றேன்னார். வெயில் மழைல கெடக்கப்போறது, எந்த மரம் நிக்கும்னு யாருக்காவது தெரியுமா?

—

செம்மண்:

அயர்ன்பார்க் போடுங்கோ, பாரம்தான், ஆனா லேசில உக்காது. வருசத்துக்கு ஒருக்கா எண்ணெய் பூசிவிட்டாப் போதும். முட்டு வருத்தக்காரருக்கு எண்டா சாதாரண பெஞ்சை விட கொஞ்சம் உயரமாச் செய்யச் சொல்லுங்கோ, ரெண்டு பக்கமும் கைபிடி வைக்கச் சொல்லுங்கோ, ஊண்டி எழும்ப லேசு.